நடுறோட்டில் இருந்த எல்லை

அப்பா போனை எடுக்கவேயில்லை.

கென்னடி ஸ்ரேசனில் ரயில் மாறும் படிக்கட்டில் நின்று தனுசியா திரும்பவும் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்து, பிறகு அப்பாவின் குரலே வந்தது. “திஸ் இஸ் அன்புராசா, யுவர் கண்டிடேற் ஃபோர் சிற்றி கவுன்சில்.” நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன் என்கிற அந்த வசனத்தை வைகாசியில் அவள்தான் எழுதிக்கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதிந்திருந்தாள். கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்ததும் அப்பாவுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அழிக்க வேண்டாம், நல்லாயிருக்கிறது என்று அப்படியே விட்டிருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பு முடிய முதல் போனை வைத்தாள்.

இரண்டு மணிக்குள் டவுண்டவுனில் நகரசபைக் கட்டடமான சிற்றி ஹோலுக்குப் போய்ச் சேரவேண்டும். இரண்டு மணியோடு எல்லாம் பூட்டு. அதன் பிறகு தேர்தலுக்கு யாரும் பெயர் கொடுக்கவும் முடியாது, விலகியவர் திரும்பி வரவும் முடியாது. அப்பா அங்கே விலகல் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முதல் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புத்தகப் பை முதுகில் அடிக்க அடிக்க ஓடிப்போய், கதவு மூடுகிற நேரம் உள்ளே புகுந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில்தான் இக்னேசியஸ் அங்கிள் அழைத்திருந்தார். அப்பாவின் கூட்டாளி. இப்போது அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லாதவர். அதே வட்டாரத்தில் அப்பாவை எதிர்த்து நிற்கிறவர்.

“பிள்ளை, வகுப்பில இருக்கிறியோ? ஒரு நிமிசம்தான். நான் சிற்றி ஹோலால வெளிக்கிட்டு வாறன். என்ர பேரை எடுத்துப்போட்டன்.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

“விலகிட்டன் எண்டு சொல்லுறன். அப்பாட்டைச் சொல்லிவிடு, வழி விட்டிருக்கு எண்டு. என்னோட ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. அந்த லைட்டை மட்டும் போடச் சொல்லு. முதல் வேலையா அதைச் செய்யச் சொல்லு.”

வைத்துவிட்டார். தனுசியா லொக்கரில் சாய்ந்து நின்று சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். ஆவணி முழுக்க நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. அம்மாவுக்குச் சொல்வோம் என்று அழைத்தாள். அம்மா கோணேஸ்வரிக்குப் பக்கத்து ஊர் அஜக்ஸில் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை. மகள் வாய் திறப்பதற்கு முதல் அம்மாவே சொன்னாள். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஷேவ் எடுத்து, வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு டவுண்டவுனுக்குப் போயிருக்கிறாராம். இக்னேசியஸ் அண்ணைக்கு விட்டுக்கொடுக்கப் போகிறாராம். முடித்துவிட்டு வந்து சொல்வதாகவும், அதுவரை தனுசியாவிடம் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாராம்.

“நல்ல காரியந்தானே பிள்ளை,” என்றாள் அம்மா. “ஏன் ஒண்டும் பேசாமல் நிக்கிறாய்?”

அப்போது ஓடத் தொடங்கியவள்தான்.

ரயில் வோர்டன் ஸ்ரேசனைத் தாண்டியது. இன்னும் நிலத்துக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது, போனில் சிக்னல் இருந்தது. இக்னேசியஸ் அங்கிளின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். அவர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார். திரும்பிப் போங்கோ அங்கிள், பெயரைத் திரும்பக் குடுங்கோ, அப்பாவும் விலகப் போறார் என்று சொன்னால் போதும். சொல்லலாம். ஆனால் அவர், ஏன் பிள்ளை, அன்பு ஏன் விலகிறார் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது? ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். மற்றதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மெயின் ஸ்ரேசனுக்குக் கிட்டப் போனதும் ரயில் நிலத்துக்குக் கீழே இறங்கியது. சிக்னல் போய்விட்டது. அவளுக்கு அப்போது ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மல்வேர்ன் என்ற பகுதியில் அவர்கள் இருக்கும் பெரிய றோட்டின் வடக்குப் பக்கத்து மாடிக் கட்டடத்தில் தனுசியா வீடு. தெற்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ் வரிசையில் இக்னேசியஸ் அங்கிள் வீடு. பஸ் நிற்கும் இடம் வடக்குப் பக்கத்தில். சிக்னல் லைட் உள்ள சந்திகள் இரண்டு பக்கமும் தூரத்தில். வேலை முடிந்து, கையில் சாமானோடு பஸ்ஸால் இறங்குகிற தெற்குப் பக்கத்துச் சனம் அவ்வளவு தூரம் நடந்து சுற்றி வராது. கார் வராத நேரம் பார்த்துக் குறுக்காலே ஓடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதத்து மாலை ஒன்றில், பனி தூறிக்கொண்டிருக்க, யூட்சன் அப்படி ஓடினான். இக்னேசியஸ் அங்கிளுக்கும் கிளடிஸ் அன்ரிக்கும் அவன் ஒரே பிள்ளை. தனுசியாவின் வகுப்பு. இருவரும் ஒன்றாகத்தான் பஸ்ஸால் இறங்கினார்கள். அவன் கையைக் காட்டிவிட்டுப் போனான். அவள் தன் கட்டடத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். பிரேக் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

செத்தவீடு முடிந்த கையோடு இக்னேசியஸ் அங்கிள் அந்த இடத்தில் றோட்டைக் கடக்க ஒரு சிக்னல் லைட் கேட்டு நடக்கத் தொடங்கினார். அவருடைய பக்கத்துக் கவுன்சிலரின் ஒஃபிஸில், பஸ் நிற்கிற இடம் வடக்குப் பக்கம், அது மற்ற வட்டாரம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், பிள்ளை அடிபட்டது தெற்குப் பக்கத்தில் கார் ஓடும் பாதையில், நீங்களும் அந்த வட்டாரத்து ஆள், எங்களுடைய ஆள் இல்லை என்றார்கள். வட்டார எல்லை றோட்டின் நடுவாலே, அந்த மஞ்சள் கோட்டின் மேலாலே போனது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் மிகவும் வருந்துவதாகவும் சொன்னார்கள்.

ஒருநாள் கிளடிஸ் அன்ரியின் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று கோப்பையை வைத்தார்.

“அண்ணை, எல்லைதானே இப்ப பிரச்சினை? ரெண்டு பக்கத்தாலயும் நாங்களே உள்ள போவம். உங்கட பக்கத்தில நீங்கள் நில்லுங்கோ, என்ர பக்கத்தில நான் நிக்கிறன். பிறகு ஆர் ஆரைச் சாட்டுகினம் எண்டு பாப்பம்.”

“உனக்கு விசர்,” என்றார் இக்னேசியஸ் அங்கிள். ஆனால் கிளடிஸ் அன்ரி சிரித்தாள். யூட்சன் போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் தனுசியா பார்த்தாள்.

அந்தக் கோடை அப்படி ஒரு கோடை. பல் செற் செய்கிற லாபில் வேலை முடிந்து இக்னேசியஸ் அங்கிளும், வெயர்ஹவுசில் வேலை முடிந்து அப்பாவும் ஒன்றாக வீடு வீடாகப் போனார்கள். இரண்டு பேருடைய பெயர்ப் பலகைகளும் அங்கிளின் கராஜில்தான் கிடந்தன. அங்கிளுடையது நீலம், அப்பாவுடையது பச்சை. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடும், ஆனால் வாசலில் நின்று கதைக்கத் தொடங்கினால் முடிக்கத் தெரியாது. அங்கிளுக்கு இரண்டு வசனத்துக்கு மேல் வராது, ஆனால் அந்த இரண்டு வசனத்தோடு கதவைத் திறந்தவர் அழுதுவிடுவார். தனுசியா இரண்டு பேருக்கும் ஆங்கிலம் எழுதினாள், இரண்டு பேருக்கும் ரெக்ஸ்ட் அனுப்பினாள்.

ஆடி மாதக் கடைசியில் மாகாண அரசு நகரசபையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கப் போகிறதென்று செய்தி வந்தது. நாற்பத்தேழு வட்டாரம் இருபத்தைந்தாகுமாம். வழக்குப் போட்டார்கள். ஒரு கிழமை பழைய எல்லை என்றார்கள், அடுத்த கிழமை புது எல்லை என்றார்கள். கடைசியில் புதியதுதான் நின்றது. றோட்டின் நடுவே இருந்த எல்லை இல்லாமல் போய்விட்டது. வடக்கும் தெற்கும் ஒரே வட்டாரம். லைட்டுக்கு அதுவே நல்லது, இனி யாரும் யாரையும் சாட்ட முடியாது என்று தனுசியா முதலில் சந்தோசப்பட்டாள். ஒரு வட்டாரத்துக்கு ஒரு கதிரைதான் என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆவணியில், பார்ட்டி ஹோல் ஒன்றில் கூட்டம் கூடியது. ஊர்ச் சங்கம், கோயில், சேர்ச், கடைக்காரர் என்று எல்லாரும் வந்தார்கள். தமிழ் வாக்குப் பிரியக்கூடாது, ஒருவர் விலகவேண்டும், அதை இங்கேயே முடிவெடுத்துவிட்டுப் போவோம் என்றார்கள். இப்படியான விசயத்தை எங்கள் ஆட்கள் இப்படித்தான் முடிப்பார்கள். அல்லது முடிப்பதாக நினைப்பார்கள். அன்புராசாவுக்கு ஆங்கிலமும் வாடகைக்காரர் சங்கத்து அனுபவமும் இருக்கிறதென்று ஒரு பக்கம். இக்னேசியஸுக்கு அனுதாப வாக்கு இருக்கிறதென்று மற்றப் பக்கம். அனுதாப வாக்கு என்ற சொல்லை ஒரு கடைக்காரர், விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு இக்னேசியஸ் அங்கிளின் முகம் போன போக்கைத் தனுசியா பின்வரிசையில் இருந்து பார்த்தாள். அங்கிள் எழும்பினார்.

“அன்புக்குக் கதிரை வேணும். எனக்கு லைட் வேணும். நீங்களே சொல்லுங்கோ.”

சனம் கை தட்டியது. அப்பா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த லைட்டுக்காகத்தான் அப்பா இந்த வேலையில் இறங்கினவர் என்று எழும்பிச் சொல்ல அந்த ஹோலில் ஒருத்தரும் இல்லை. தனுசியாவும் சொல்லவில்லை.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் விலகவில்லை, இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஆனால் பெயர்ப் பலகைகள், கட்டைகள், சுத்தியல், கம்பி எல்லாம் அங்கிளின் கராஜில். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவரத் தனுசியா போனாள். வெறுங்கையோடு அப்பா அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும், அவரிட்டைச் சொல்லு என்று ஒரு சொல்லும் கொடுத்து அனுப்பினார். வரும்போது அங்கிளும், உன்ர அப்பாட்டைச் சொல்லு என்று ஒன்று தந்துவிட்டார். கிளடிஸ் அன்ரி ஜன்னலில் நின்று பார்ப்பாள் என்பதால் அவள் தூரத்துச் சந்திவரை நடந்து, லைட்டில் கடந்து, சுற்றித்தான் போவாள். அந்த நடை நீளம். கொண்டுபோகிற சொல்லை யோசிக்க நேரம் இருந்தது.

முதல்நாள் அப்பா கொடுத்துவிட்டது: என்ர கட்டடத்துப் பக்கம் இனி அவர் காலடி வைக்கக்கூடாது. தனுசியா கராஜ் வாசலில் நின்று அங்கிளின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளுக்காகப் பச்சைப் பலகைகளைத் தூசி தட்டி, கட்டி வைத்திருந்தார். “அப்பா உங்கட பிறஷர் எப்படியாம் எண்டு கேட்டவர்,” என்றாள். வாயில் அதுதான் வந்தது. வீட்டுக்கு வரும்போது அங்கிள் கொடுத்துவிட்ட சொல்லும் சுடுசொல்தான். ஒரு கோப்பையில் குடித்தவன் முதுகில் குத்தினான் என்கிற மாதிரி ஒன்று. அப்பாவிடம் வந்து, “ஹீ மிஸ்ஸஸ் யூ, அப்பா. நீங்கள் இல்லாமல் வீடு வீடாய்ப் போக அவருக்கு ஏலாதாம்,” என்றாள். அன்றைக்கு அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. பெரிய பொய் சொல்கிறேன் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு பேரும் மனதுக்குள்ளே வைத்திருப்பதைத்தானே சொல்கிறேன், கோபத்தில் வாயால் வருவது பொய், நான் சொல்வதுதான் உண்மை என்று நினைத்தாள். யூட்சன் இருந்திருந்தால் அவனும் இதைத்தான் செய்திருப்பான், இதைவிடக் கெட்டித்தனமாகச் செய்திருப்பான் என்றும் நினைத்தாள்.

அங்கிள் யூட்சனின் படத்தைப் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்தார். அதில் அந்த பஸ் தரிப்பிடமும் இருந்தது. அப்பா அதைக் கட்டடத்து லொபியில் கண்டு எடுத்து வந்து மேசையில் போட்டார்.

“போய்ச் சொல்லு. செத்த பிள்ளையை நடுறோட்டில வைச்சு வோட்டுக் கேக்கிற மனிசனோட எனக்கு இனி ஒரு கதையும் இல்லை எண்டு சொல்லு. இதே சொல்லாய்ச் சொல்லு.”

அவள் சந்திவரை நடந்தாள். லைட் மாறியும் கடக்காமல் நின்றாள். இன்னொரு முறை மாறியது. பிறகு போனாள். கராஜில் அங்கிள் தனியாக இருந்து கட்டைகளுக்கு முனை சீவிக்கொண்டிருந்தார். என்னவாம் உன்ர அப்பா, என்றார், நிமிராமலே.

“அப்பா சொன்னவர்,” என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்தி மூக்கைத் துடைத்தாள். அதனால்தான் அங்கிள் நிமிர்ந்து பார்த்தார். அதனால்தான் நம்பவும் நம்பினார். “யூட்சன் தனக்கும் பிள்ளைதானாம். அவன்ர தகப்பனுக்கு எதிரா நிக்கத் தனக்கு மனம் வரேல்லையாம்.”

அங்கிள் கத்தியைக் கீழே வைத்தார். கராஜின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சரி, நீ போ பிள்ளை என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் திருப்பிக் கொடுத்துவிட ஒரு சொல்லும் இருக்கவில்லை. அதனால் அப்பாவுக்கான சொல்லை அவளே முழுவதாகச் செய்யவேண்டி வந்தது. “அங்கிள் அழுதவர்,” என்றாள். அது உண்மை. “அண்டைக்கு ஹொஸ்பிற்றலில நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்காட்டி தானும் செத்திருப்பாராம். ஹோலில கதைச்சது பிழையாம்.” அது உண்மையில்லை.

அப்பா சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படுக்கப் போனதை அவள் காணவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பக்கத்தாலும் சுடுசொல் வரவில்லை. தான் செய்தது வேலை செய்துவிட்டதென்று அவள் நினைத்தாள். இரண்டு பேருமே, மற்றவருக்குச் சொல்லாமல், நன்றி கேட்காமல், வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போய் விலகுகிற மனிதர்கள் என்பதை அவள் யோசிக்கவேயில்லை.

குயின் ஸ்ரேசனால் ஏறி வெளியே வந்தபோது பழைய சிற்றி ஹோலின் கோபுரத்து மணிக்கூடு இரண்டைத் தாண்டியிருந்தது. தெரிந்தும் ஓடினாள். புது சிற்றி ஹோலின் முன்னாலே, தண்ணீர்த் தடாகத்தின் கரைக் கட்டில், அப்பா கோப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கலியாண வீட்டில் வேலை முடித்த மனிதர் மாதிரி.

“என்னடி, ஸ்கூலுக்குப் போகேல்லையோ? கொம்மா சொல்லிப்போட்டாள் போல.” பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கட்டைத் தட்டினார். “முடிச்சாச்சு. நான் முதலே செய்திருக்கவேண்டிய வேலை.”

அவள் இருக்கவில்லை. நின்றபடி சொன்னாள். இக்னேசியஸ் அங்கிளும் மத்தியானம் வந்து விலகிவிட்டார் என்று சொன்னாள். முதல் வேலையாக லைட்டைப் போடச் சொன்னார் என்றும் சொன்னாள். இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் கொண்டு வந்து கொடுத்தாள்.

அப்பா கோப்பியைக் கீழே வைத்தார். திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு, அதற்குள்ளே போய்வருகிற ஆட்கள். எழும்பினார், இரண்டடி வைத்தார், பிறகு திரும்ப வந்து இருந்தார். ஏன், அவர் ஏன் விலகினார் என்று கேட்டார். அவளைக் கேட்டது போல இல்லை, தண்ணீரைக் கேட்டது போல இருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். அப்பா போனை எடுத்து, ஆவணிக்குப் பிறகு முதல்முறையாக அந்த நம்பரை அழுத்தினார். “அண்ணை,” என்றார். பிறகு இரண்டு ஆம்பிளைகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்னேரம் எல்லோருமாக இக்னேசியஸ் அங்கிள் வீட்டுக்குப் போனார்கள். அம்மா வேலை உடுப்போடேயே வந்தாள். யூட்சனின் படத்துக்கு முன்னால் சின்னப் பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அங்கிள் வாசலுக்கு ஓடி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். சேர்ந்து பேயன்களாகிப் போனோம் என்று ஒருவரை ஒருவர் ஏசினார்கள், சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். மிச்சமாக நிற்கிற ஆட்களின் பெயரை அப்பா போனில் வாசித்தார். ஒருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க நியாயமில்லை. வெல்கிற ஆளிடம் போய்க் கேட்போம், இப்போது எல்லை இல்லைத்தானே என்றார் அங்கிள். கேட்போம் என்றார் அப்பா. இரண்டு பேரும் அதை நம்பவில்லை என்பது அறைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த தேர்தலுக்கு நாலு வருடம். அந்த பஸ் தரிப்பிடத்தில் ஒவ்வொரு நாளும் சனம் இறங்கும்.

“போகட்டும் விடு,” என்றார் அங்கிள். அப்பாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “நீ பிள்ளையிட்டைச் சொல்லிவிட்ட சொல் ஒண்டு போதும் எனக்கு. யூட்சன் எனக்கும் பிள்ளைதான், அவன்ர தகப்பனுக்கு எதிரா நிக்க மாட்டன் எண்டு. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் விலகினனான், அன்பு. வேற ஒண்டுக்கும் இல்லை.”

அப்பா தலையைத் திருப்பித் தனுசியாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. யாரென்று தெரியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தாள்.

“ஓம் அண்ணை,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். பிறகு கதை வேறு எங்கேயோ போனது. அம்மா பற்றிஸ் தட்டை நீட்டினாள். அங்கிள் அப்பாவின் கையை விடவேயில்லை.

கிளடிஸ் அன்ரி மட்டும் எழும்பிக் குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில், கோப்பைகளை எடுத்துக்கொண்டு வா பிள்ளை என்று கூப்பிட்டாள். தனுசியா போனாள். அன்ரி தண்ணீரைத் திறந்துவிட்டாள், ஆனால் கழுவவில்லை. குசினி ஜன்னலுக்கு வெளியே அந்த றோட் தெரிந்தது. பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பையோடு ஒரு பெண்பிள்ளை விளிம்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் ஓடிக் கடந்து முடியும்வரை அன்ரி மூச்சு விடவில்லை.

“அன்பு ‘ஓம்’ சொல்ல முதல் உன்னைப் பாத்தவர்,” என்றாள் பிறகு, மெதுவாக, ஜன்னலைப் பார்த்தபடி. “எனக்கு உன்ர அப்பாவைக் கன வருசமாத் தெரியும். நல்ல மனிசன். ஆனா அப்பிடி ஒரு சொல்லு அவற்ற வாயில வராது. மனசில இருந்தாலும் வராது.”

தனுசியா கோப்பைகளை வைத்தாள். ஒன்று சரிந்தது, அன்ரி பிடித்தாள்.

“இவர் நிண்டிருந்தா வெண்டிருப்பாரோ தெரியாது. ஆனா நிண்டிருப்பார். கூட்டத்துக்குக் கூட்டம் என்ர பிள்ளையின்ர பேரை ஒருத்தர் சொல்லியிருப்பார்.” தண்ணீரை நிறுத்தினாள். முன்னறையில் இரண்டு பேரும் எதற்கோ சேர்ந்து சிரிப்பது கேட்டது. “இவர் ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் படுக்கிறார். யூட்சன் போன பிறகு இந்தக் கிழமைதான் ஒழுங்கா நித்திரை கொள்ளுறார். அதால நான் அவரைக் கேக்கேல்லை. அன்புவையும் கேக்க மாட்டன். உன்னைத்தான் கேக்கிறன். நீ என்ர பிள்ளையோட பஸ்ஸால இறங்கினனி. எனக்குப் பொய் சொல்லாத.”

கையைத் துடைத்துக்கொண்டு அன்ரி திரும்பினாள்.

“அது அப்பான்ர சொல்லோ, உன்ர சொல்லோ?”